சுவரில் ஏறிய முகம்

எங்கள் பல்கலைக்கழக வளாகத்தின் கிழக்குச் சுவரில் நான் வரைந்த பதினோரு முகங்களில் ஒன்று செத்தவருடையது இல்லை. எடுத்த எடுப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியதில் எனக்கு அந்தப் பொறுமை சுத்தமாகப் போய்விட்டது.

நான் மரக்காணத்துப் பெண். அப்பா உப்பளத்தில் கூலி. பாத்தியில் நின்று உப்பு வாரி வாரிக் கால் இரண்டும் வெடித்துப்போன மனுஷர். நான் ஓவியம் படிக்கப் போகிறேன் என்றபோது, "படம் போட்டா சோறு வேகுமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அப்புறம் என் பஸ் பாஸுக்கு அவரே போய் வரிசையில் நின்றார்.

வளாகம் எங்கள் ஊருக்குத் தெற்கே, கூனிமேட்டுக்குப் போகிற வழியில், சாலையை ஒட்டி இருந்தது. அதற்குப் பின்னால் சவுக்குத் தோப்பு. தோப்பைத் தாண்டி ஒரு மீனவக் குப்பம், அப்புறம் கடல். வளாகத்துக்கும் தோப்புக்கும் நடுவில் ஒன்றரை ஆள் உயரச் சுவர். சுவரில் ஒரு சின்ன இரும்புக் கதவு இருந்தது. குப்பத்து ஜனங்கள் அந்தக் கதவு வழியாக நுழைந்து, வளாகத்தைக் குறுக்கே கடந்து, சாலைக்குப் போய் பஸ் பிடிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கதவைப் பூட்டிவிடுவார்கள்.

அலை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. நான் வீட்டில் இருந்தேன். உப்பளத்துக்குள் தண்ணீர் ஏறி வரப்பெல்லாம் கரைந்ததைத்தான் நான் பார்த்தேன். குப்பத்தில் நடந்தது பிறகு கேட்டது. ஜனங்கள் மேற்கே ஓடி வந்து கதவைப் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள். பூட்டு. வாலிபர்கள் சுவர் மேல் ஏறி உட்கார்ந்து, கீழே நின்றவர்களைக் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். எல்லாரையும் இழுக்க நேரம் இருக்கவில்லை. அலையில் சுவரின் வடகோடி மட்டும் கொஞ்சம் இடிந்து விழுந்தது. மற்றபடி நல்ல கெட்டியான சுவர்.

அந்தப் பூட்டைப் பற்றி வளாகத்தில் ஒருத்தர் வாய் திறக்கவில்லை. இடிந்த இடத்தைச் சீக்கிரம் கட்டிப் பூசினார்கள். ஐந்தாவது மாதம் எங்கள் துறைப் பேராசிரியை வகுப்புக்கு வந்து ஒரு திட்டம் சொன்னார். மெட்ராஸ்காரர். கெட்டவர் இல்லை; அலை அடித்த வாரம் சொந்தக் காரில் அரிசி மூட்டை கொண்டுவந்து இறக்கியவர்.

"இந்தச் சுவர்தான் அவங்களுக்கும் நமக்கும் நடுவுல நிக்குது. இதையே அவங்களுக்குக் குடுத்துடலாம். அந்தக் குப்பத்துல இறந்துபோனவங்க முகத்தையெல்லாம் பெருசா வரையலாம். கேம்பஸும் கம்யூனிட்டியும் சேர்ந்து செய்யற ஒர்க்" என்றார்.

"கதவத் தொறந்து வச்சாப் போதாதா மேடம்?" என்றேன்.

மேடம் காதில் விழாத மாதிரி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். என் வாய்க்கொழுப்புக்குக் கூலியாக, வீடு வீடாகப் போய் போட்டோ வாங்கிவரும் வேலையை என் தலையில் கட்டினார்கள். "உனக்குத்தான் அவங்க பாஷை தெரியும்" என்றார்கள். என்னமோ மற்றவர்களெல்லாம் சீமையில் பிறந்த மாதிரி.

குப்பத்தில் அப்போது வீடு ஏது? வரிசையாகத் தார்ஷீட் கொட்டகைகள். உள்ளே நுழைந்தால் அடுப்புக்குள் தலையை விட்டதுபோல அனல். போட்டோ ஏது? எல்லாவற்றையும் கடல் வாரிக்கொண்டு போயிருந்தது. சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாண ஆல்பம், எங்கேயோ கிடந்த அடையாள அட்டை என்று தேடித் தேடிப் பத்து முகம் சேர்த்தேன். பதினோராவது முகத்துக்கு ஒரு கொட்டகைக்குப் போனேன். அங்கே இருந்தவளுக்கு வயசு முப்பது இருக்கும். அக்கா என்று கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

அக்காவின் புருஷன் சுவரடியில் போனவர். பக்கத்துக் கொட்டகைக்காரிதான் எனக்கு விவரம் சொன்னாள். அன்றைக்குச் சுவர் மேல் உட்கார்ந்திருந்தது அவருடைய தம்பி. அண்ணன் கீழேயிருந்து பெண்டாட்டியையும் இரண்டு பிள்ளைகளையும் தூக்கித் தூக்கிக் கொடுக்க, தம்பி மேலே இழுத்துப் போட்டிருக்கிறார். கடைசியில் அண்ணனுக்குக் கையை நீட்டியிருக்கிறார். கை கைக்குள் வந்திருக்கிறது. அப்புறம் இல்லை. படகும் வலையும் போய்விட்டதால் தம்பி இப்போது மெட்ராஸ் காசிமேட்டில் விசைப்படகு வேலைக்குப் போயிருப்பதாகவும், அக்கா வீட்டு உலை அவர் அனுப்புவதில்தான் கொதிக்கிறது என்றும் சொன்னாள்.

அக்காவின் தாய்வீட்டிலிருந்து ஒரே ஒரு போட்டோ வந்திருந்தது. ஏதோ ஒரு மாசி மகத்தில் எடுத்தது. இரண்டு ஆண்கள் தோள்மேல் கை போட்டு நிற்கிறார்கள். ஒரே மூக்கு, ஒரே நெற்றி. இடது பக்கம் இருந்தவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தார். பாதி முகம் நிழலில். வலது பக்கம் இருந்தவர் நேராகப் பார்த்தார். ஒரு பக்கமாக விழுந்த வெயிலில் கன்னமும் தாடையும் துலக்கமாக இருந்தன.

"இதுல உங்க வீட்டுக்காரரு யாருக்கா?" என்று போட்டோவைப் பிடித்துக் கேட்டேன்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அவர் செத்தாலும் சொல்ல மாட்டார்கள். அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, முகவாயை ஒரு பக்கமாக வெட்டினாள். "அவருதான்" என்றாள். வலது பக்கத்தைக் காட்டியதாக எனக்குப் பட்டது.

போட்டோவைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். குனிந்து கொட்டகை வாசலைத் தாண்டியபோது சுருக்கென்றது. அவள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். போட்டோவை நான் என் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தேன். அவளுடைய வலதா, என்னுடைய வலதா?

திரும்பிப் போய்க் கேட்டிருக்க வேண்டும். ஆனால் சாவு வீட்டுக்கு முதல் தடவையாகப் போகிறவர், எத்தனை மாதம் கழித்துப் போனாலும், துக்கம் விசாரிக்கப் போனவர்தான். வாங்க என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். போய்ட்டு வர்றேன் என்று நாம் சொல்லக் கூடாது. வாசலைத் தாண்டினால் திரும்பி உள்ளே நுழையவே கூடாது. போன துக்கம் மறுபடி வரும் என்பார்கள். இதெல்லாம் எனக்குத் தாய்ப்பாலோடு வந்தது. கால் திரும்பவில்லை. நேராக நடந்து பஸ் ஏறிவிட்டேன். கேட்டவர்களிடமெல்லாம் பிற்பாடு அப்படித்தான் சொன்னேன்.

ஆடிக் காற்றில், சுவரின் தோப்புப் பக்கத்தில் வேலை ஆரம்பித்தது. ஒவ்வொரு முகத்தையும் பெரிய தாளில் கட்டம் போட்டு வரைந்து, அதைப் பார்த்துச் சுவரில் ஏற்றினோம். ஒரு முகம் ஓர் ஆள் உயரம். தாளில் நான் கண் வரையவில்லை. சிலைக்குக் கண் திறப்பது போலக் கடைசி நாளில் நேராகச் சுவரிலேயே வைத்தேன். பதினோராவது முகம் வடகோடியில், புதிதாகப் பூசிய இடத்தில் வந்தது. திறப்பு விழா வரை யாரும் பார்க்கக் கூடாது என்று மேடத்துக்கு ஆசை. அதனால் சுவர் முழுக்க நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தோம்.

வடகோடி முகத்துக்குக் கண் வைத்துவிட்டு இறங்கிப் பார்த்தேன். மற்றப் பத்தும் படமாக இருந்தன. இது மட்டும் ஏதோ கேட்க வாயெடுத்த மாதிரி என்னையே பார்த்தது. மேடம் வந்து பார்த்து, "இதுதான் உன் பெஸ்ட்" என்றார். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆவணியில் திறப்பு விழா. பெரிய மனிதர்களுக்கு ஷாமியானாவும் நாற்காலியும், குப்பத்து ஜனங்களுக்கு மணல். ஒவ்வொரு முகத்தின் மேலேயும் ஆணியடித்துச் சாமந்தி மாலை தொங்கவிட்டிருந்தார்கள். தார்ப்பாய் விழுந்ததும் ஒரு ஓலம் கிளம்பியது. பெண்கள் ஓடிப்போய் அவரவர் ஆளுக்கு முன்னால் விழுந்து சுவரை அறைந்தார்கள். நானும் அழுதேன். வடகோடியில் மட்டும் சத்தம் இல்லை. என்னவென்று பார்த்தேன்.

லுங்கியை மடித்துக் கட்டிய ஓர் ஆள், தோளில் துண்டோடு, சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன். மறுபடி அவரைப் பார்த்தேன். விழாவுக்கென்று அன்று காலைதான் காசிமேட்டிலிருந்து வந்து இறங்கிய தம்பி அவர்.

"டேய், அது நீதான்டா!" என்று யாரோ ஒருத்தன் கத்தினான். குபீரென்று ஒரு சிரிப்பு. "செத்துட்டான்னு சேதி வந்தா ஆயுசு கெட்டிடா. உனக்கு நூறு!"

அவரும் சிரித்தார். "பரவால்லடா, மாலைய இப்பவே போட்டுட்டாங்க" என்றார். சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த முகத்தையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா பின்னாலிருந்து ஒரு நிமிஷம் சுவரைப் பார்த்தாள். தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மேடத்திடம் ஓடினேன். "ஆள் மாறிப்போச்சு மேடம். அவரு உயிரோட இருக்காரு."

மேடத்தின் முகம் வெளுத்தது. "எத்தனை பேருக்குத் தெரியும்?" என்று கேட்டார். அதுதான் முதல் கேள்வி. அப்புறம் சமாளித்துக்கொண்டு, "இது போர்ட்ரெய்ட் இல்லம்மா, மெமோரியல். ஒரு முகம்னா ஒரு ஆள் மட்டும் இல்ல" என்றார். மாற்ற வேண்டுமென்றால் கமிட்டி கூட வேண்டுமாம். மறுநாள் பேப்பரில் விழாப் படம் வந்தது. பதினொன்றில் எந்த முகத்தைப் போட்டிருப்பார்கள்? அதே முகம்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையைக் கேட்டிருக்கிறேன். நான் பிடித்தது நல்ல பிள்ளையார்தான். கொண்டுபோய் வைத்த இடம்தான் சுடுகாடு.

அதுவரைகூட அது கேலியாகத்தான் இருந்தது. புரட்டாசியில் மகாளய அமாவாசை வந்தது. குப்பத்து ஜனங்கள் சுவரடிக்குப் படையல் கொண்டுவந்தார்கள். யாரும் சொல்லித் தரவில்லை. முகம் இருக்கிற இடத்தில்தானே சோறு வைக்கத் தோன்றும். பத்து முகத்துக்கு முன்னால் பத்து வாழை இலை போட்டாயிற்று. அக்கா கடைசியாக வந்தாள். இலையைக் கையில் வைத்துக்கொண்டு வடகோடியில் நின்றாள். அவள் புருஷனுக்கென்று அந்தச் சுவரில் இருந்த இடம் அது ஒன்றுதான். வேறு எங்கே போவாள்? தண்ணீர்ச் சொம்போடு தம்பி பக்கத்தில் நின்றார்.

"வை அண்ணி. அண்ணனுக்குத்தான" என்றார்.

கொழுந்தன் முகத்துக்குக் கீழே இலையைப் போட்டுச் சோற்றை வைத்தாள்.

எல்லாரும் காக்கையைக் கூப்பிட்டார்கள். கா, கா என்று அந்தக் கடைசியிலிருந்து இந்தக் கடைசி வரை குரல். தோப்பில் காக்கைகள் இருந்தன, இறங்கவில்லை. சோறு காய ஆரம்பித்தது. வெயில் உச்சிக்கு வந்தது. அப்புறம் ஒரே ஒரு காக்கை சவுக்கிலிருந்து இறங்கியது. பத்து இலையையும் தாண்டி நேரே வடகோடிக்கு வந்து, தம்பி முகத்துக்குக் கீழே உட்கார்ந்து, ஒரு வாய் எடுத்தது.

அண்ணனுக்கு வைத்த சோறு, அண்ணன் வந்து எடுத்தார் என்று யாராவது சொல்லியிருக்கலாம். ஒருத்தரும் சொல்லவில்லை. ஒரு பெண் சட்டென்று தன் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அன்றைக்கு ஊர் வாய் தானாக மூடிக்கொண்டது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

நிவாரணத்தில் நாலு பேருக்கு ஒன்று என்று ஃபைபர் படகு கொடுத்திருந்தார்கள். அந்தப் படகை நம்பித்தான் தம்பி காசிமேட்டு வேலையை விட்டுவிட்டு ஊரோடு தங்கியிருந்தார். மறுநாள் எஞ்சின் சரியில்லை என்றார்கள். அதற்கு மறுநாள் வலை இன்னும் கட்டி முடியவில்லை. அடுத்த வாரம் அவர் இடத்தில் வேறு ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஒருத்தன் மட்டும் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறான்: "தப்பா நெனைக்காதப்பா. படையல் வாங்கினவனோட எப்பிடிக் கடல்ல ஏர்றது? எங்களுக்கும் புள்ளகுட்டி இருக்குது."

இதைத் தோப்பு நிழலில் உட்கார்ந்து அவரே என்னிடம் சொன்னார். நாங்கள் பேசியது அதுதான் முதல் தடவை. என்னைத் திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன்.

"அவங்க சொல்றதும் ஞாயந்தாம்மா" என்றார். "கண்ணாடியில பாத்தா எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்குது. அண்ணி புள்ளைங்களுக்கு என்னா பண்றதுன்னுதான் தெரியல."

"நான் அழிச்சிடறேன்ணே."

"அழிச்சிடறியா?" அண்ணாந்து சுவரைப் பார்த்தார். "அழிச்சா?"

செத்தவர்கள் வரிசையில் இருப்பது கெட்டதுதான். உயிரோடு இருக்கிறவர் முகத்தைச் சுரண்டி எடுப்பது அதைவிட நல்ல காரியமா? சுவர் பூசிய கொத்தனாரைக் கேட்டேன். "எனக்குப் பேரப்புள்ள பொறந்திருக்குதும்மா, ஆள வுடு" என்று கும்பிட்டார். கூடப் படித்தவர்களைக் கேட்டேன். மூடநம்பிக்கையைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதிய வீரர்களுக்கெல்லாம் அன்றைக்கென்று ஊரில் அவசர வேலை இருந்தது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷம் ஐப்பசியும் கார்த்திகையும் கொட்டித் தீர்த்தன. உப்பளம் தண்ணீருக்குள் கிடந்தது. அப்பாவிடம் சொல்லி அந்தத் தம்பிக்கு ஒரு கூலி வேலை வாங்கித் தரலாமென்றால் அதுவும் இல்லை. பழைய சுவரை உவர்த் தண்ணீரில் குழைத்துக் கட்டியிருந்தார்கள் போல. ஈரம் ஏற ஏற உப்பு பூத்தது. கீழேயிருந்து மேலே, கழுத்து, முகவாய், உதடு என்று வெள்ளை ஏறியது. கார்த்திகை முடிவதற்குள் பத்து முகத்துக்கும் வாய் இல்லை. வடகோடியில் புதுப் பூச்சின் மேல் இருந்த முகம் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் பளிச்சென்று பார்த்துக்கொண்டிருந்தது.

கொத்தனார் காரணம் சொன்னார்: புதுப் பூச்சுக்கு ஆற்று மணலும் லாரித் தண்ணீரும். யாருக்கு வேண்டும் காரணம்? குப்பத்துக்காரர்கள் வடகோடிப் பக்கம் நடப்பதையே விட்டுவிட்டார்கள். புதுசாக ஓர் ஒற்றையடிப் பாதை தோப்புக்குள் விழுந்தது. நானும் தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பாதையில்தான் போனேன். குனிந்தாலும் அந்தக் கண் முதுகில் இருந்தது.

மேடத்திடம் நாலு தடவை போனேன். "முதலாண்டு நினைவு முடியட்டும்" என்றார். டிசம்பரில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், பதினோரு முகத்துக்கும். அன்றைக்குத் தம்பி கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை.

பொங்கலுக்கு வீட்டுக்குப் போனேன். மழை விட்டு, உப்பளத்தில் வரப்பு கட்டுகிற வேலை தொடங்கியிருந்தது. அப்பா சொல்லி அந்தத் தம்பியையும் சேர்த்திருந்தார்கள்.

"அந்தப் புள்ள இன்னைக்கு மம்புட்டியக் கீழ போட்டுட்டு வரப்பு மேலயே நின்னுது" என்றார் அப்பா, கரும்பைக் கடித்துக்கொண்டே. "நாலு தடவ கூப்ட்டேன், திரும்பல. கடலப் பாத்துக்கினே நின்னுது. படத்தப் போட்டது நீதான? எடுக்கறதுக்கு எவன் வருவான்?"

வாயிலிருந்த கரும்பு சக்கையாகக்கூட இல்லை, துப்பிவிட்டு எழுந்தேன்.

கமிட்டியாவது கத்திரிக்காயாவது. விடுமுறை முடிந்த மறுநாள் காவலாளியிடம் ஏணியும், பெயிண்டரிடம் சுரண்டியும் வாங்கிக்கொண்டேன். முதலில் அக்காவின் கொட்டகைக்குப் போனேன். எந்த வாசலுக்குத் திரும்பப் போகக் கூடாது என்று பயந்தேனோ அதே வாசல். போட்டோவை அவள் மடியில் வைத்தேன். "அக்கா, ஒரே ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க."

பார்த்தாள். நிழலில் பாதி முகம் மறைந்திருந்தவர் மேல் விரலை வைத்தாள். நான் மறுபடி ஆளை மாற்றிவிடக் கூடாது என்று அவர் பெயரையும் வாய்விட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

"அன்னைக்கு நான் கண்ணத் தொறக்கவே இல்ல" என்றாள். "தொறந்தா அழுதுடுவேன்னு மூடிக்கிட்டுத்தான் சொன்னேன். நீ திரும்ப வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? கேட்டா கடிச்சாத் தின்னுடப் போறேன்?"

"சாவு வீட்டுக்குத் திரும்ப வரக் கூடாதுன்னு…"

"செத்தது எங்க வீட்ல. எனக்கில்லாத பயம் உனக்கு இன்னாத்துக்கு?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அன்று பஸ்ஸில் உட்கார்ந்து நான் அந்தப் போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒரு முகம் நிழலில் இருந்தது, வரைவது கஷ்டம். இன்னொன்றில் வெயில் அவ்வளவு அழகாக விழுந்திருந்தது. இதுவாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கேட்கப் போனால் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். காலைக் கட்டியது சாஸ்திரம் இல்லை. வரைய நன்றாக இருந்த முகத்தை நான் எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அப்புறம் பழியைத் தூக்கி வழக்கத்தின் மேல் போட்டுவிட்டேன்.

அக்காவும் நானும் சுவரடிக்கு வந்தபோது தோப்பின் ஓரத்தில் குப்பமே நின்றது. கிட்டே யாரும் வரவில்லை. ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு தம்பி நின்றார். நான் மேலே ஏறிக் கழுத்திலிருந்து சுரண்ட ஆரம்பித்தேன். முகவாய் போனது. வாய் போனது. மூக்கு போனது. கண்ணுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. கீழே உயிரோடு நிற்கிறவரின் கண். சுரண்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

"எறங்கும்மா" என்றார்.

சுரண்டியை எடுத்துக்கொண்டு அவரே ஏறினார். இடது கண்ணைச் சுரண்டினார். கொஞ்சம் நிறுத்தி, வலது கண்ணையும் சுரண்டினார். வர்ணப் பொடி அவர் தலையிலும் இமையிலும் கொட்டியது. இறங்கி வந்து கண்ணைக் கொட்டிக் கொட்டிச் சுற்றிப் பார்த்தார்.

"தெரியுதுடா எல்லாம்" என்று தோப்பைப் பார்த்துச் சொன்னார்.

யாரோ ஒருத்தன் சிரித்துவிட்டான். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். நான் ஏணியடியில் உட்கார்ந்து அழுதேன்.

நாலு நாளில் அந்த இடத்தில் அண்ணனை வரைந்தேன். நிழலிலிருந்து எடுத்த முகம். என் பெஸ்ட் இல்லை. அக்கா தினமும் வந்து மணலில் உட்கார்ந்து பார்த்தாள். புருவம் இன்னும் கொஞ்சம் தடிப்பு, காது இவ்வளவு பெரிசு இல்லை என்று திருத்தினாள். மேடமும் வந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கடைசிவரை கமிட்டி கூடவே இல்லை.

மாசியில் தம்பியைப் படகில் ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தார்கள். ஏறுவதற்கு முதல் நாள் மத்தியானம் சுவரடிக்கு வந்தார். நான் கீழே உப்பு பூத்த இடங்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நாளைக்கு ஏர்றேன்" என்றார்.

"பயமா இருக்குதாண்ணே?"

"இல்லாமலா?" துண்டால் கழுத்தைத் துடைத்தார். "ஏம்மா, மொதல்ல தாளுல என் மொகத்தப் போட்டியே, அது இருக்குதா?"

"இருக்குது. கிழிக்கவும் பயம், எரிக்கவும் பயம். சுருட்டி வச்சிருக்கேன்."

"கிழிச்சிடாத. ஒருவேள நான் வரலன்னா, அண்ணன் பக்கத்துலயே போட்டுடு. எங்கிட்ட வேற போட்டோ கெடையாது." போகத் திரும்பியவர் நின்றார். "நல்லாத்தாம்மா வரைஞ்சிருந்த."

என்னை அவர் செருப்பால் அடித்திருக்கலாம். அவர் போய்விட்டார்.

மறுநாள் கரையில் போய் நின்றேன். படகு வந்தது, அவர் அதில் இருந்தார். அதற்கு மறுநாளும் வந்தது. வருஷங்கள் ஆகிவிட்டன. இன்னும் போகிறார், வருகிறார். காற்று திரும்புகிற நாளில் நான் எங்கே இருந்தாலும் அப்பாவுக்குப் போன் போடுகிறேன். "குப்பத்துப் படகெல்லாம் கர ஏறிடுச்சாப்பா?" அவர் யாரையாவது விசாரித்து, ஏறிடுச்சு என்று சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

சுருள் என் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அதில் நெற்றி இருக்கிறது, மூக்கு இருக்கிறது, வெயில் விழுந்த அந்தக் கன்னம் இருக்கிறது. கண் மட்டும் நான் வரையவில்லை. அதை வரைகிற நாள் எனக்கு வரவே வேண்டாம்.